குண்டில்லாத வேட்டு

ஞானஸ்நானம் மணப்பாட்டில்.
பதினோரு வயதில் கும்பினிக் கப்பலில் மருந்துப்பையன்.
வெடிமருந்துத் தோல்வாளியை வயிற்றோடு அணைத்து
அடித்தட்டிலிருந்து ஓடிவருவேன்.
மேலே ஈரமணல் தூவியிருப்பார்கள்,
இரத்தம் வழுக்கக் கூடாதே.

பஸ்தியான் கர்வாலோ என்று சொல்ல
அவர்கள் நாக்கு வளையவில்லை.
'பஸ்' என்றார்கள். 'பஸ்' என்றே
சம்பளப் பேரேட்டிலும் ஏறினேன்.

யாரும் சொல்லித்தராமல் திருடிய வித்தை ஒன்று:
கப்பல் அலையேறும்போது திரி வைத்தால் எதிரியின் பாய்மரம்,
இறங்கும்போது வைத்தால் அவன் வயிறு.
நடுவே ஒரு நொடி
தளம் எங்கும் போகாமல் நிற்கும்.
அந்த நொடியில் இருபத்தாறு வருடம் பிழைத்தேன்.
வலது காதைக் கடலூருக்கு எதிரே விட்டேன்.
இடதை எங்கே விட்டேனோ.

பிறகு பீரங்கியைக் கரையிறக்கிப்
பன்னிரண்டு சோடி மாடு பூட்டினார்கள்.
சேலம் கோட்டைவரை அதன் பின்னால் நடந்தேன்.
நாலு பக்கமும் மலை.
கச்சான் இல்லை, கொண்டல் இல்லை.
திருமணிமுத்தாற்றில் ஒரு தோணி நனையாது.
முதல் வாரம்
தரை ஆடாததால் வாந்தி எடுத்தேன்.

குறிக்கு நிறுத்திய பனை
ஒன்பது குண்டுக்கும் அப்படியே நின்றது.
பத்தாவதற்கு முன் கண்களை மூடினேன்.
மூச்சை இழுத்தால் மார்பு அலையேறுகிறது,
விட்டால் இறங்குகிறது,
நடுவே அதே நொடி.
பனை இல்லை.

ஆடியில் ஒரு பாளையக்காரனின் மண்கோட்டைக்கு
எங்களை ஓட்டிப் போனார்கள்.
கடலில் எதிரிக்கு முகம் கிடையாது,
பாயும் புகையும்தான்.
இங்கே சுவர்மேல் ஒருத்தி
கீழே முந்நூறு பேர் நிற்க
ஈரப்புடவையை உதறிக் காயப்போட்டாள்,
எவருமே வராதது போல.

முதல் குண்டு ஏரியில்.
இரண்டாவது புளியமரத்துக்கு அந்தப் பக்கம்.
மூன்றாவது போன இடத்தை
இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.
அன்று என் மூச்சு நன்றாகத்தான் ஏறி இறங்கியது.

லெப்டினென்ட் துரையின் உதடு அசைந்தது.
பாதி புரிந்தது, மீதி தேவைப்படவில்லை.
"அலை இல்லை துரை, தரை பழகவில்லை"
என்று கத்தினேன்.
மறுநாள் வேறொரு பீரங்கி வந்தது.
சுவரில் புடவை இல்லை.

இப்போது உச்சிவேட்டு மட்டும் என் பொறுப்பு.
மருந்து உண்டு, குண்டு கிடையாது.
ஏழு ரூபாய், அதிலும் பிடித்தம்.
செவ்வாய்ப்பேட்டையில் நூல்மூட்டை இறக்குகிறவர்கள்
அந்தச் சத்தத்துக்குச் சோற்றுமூட்டை அவிழ்க்கிறார்களாம்.
எனக்குப் பாதத்தில் மட்டும் ஒரு தட்டு.

வீட்டில் நான் உப்பு கேட்டால்
தெருவே எட்டிப்பார்க்கிறது.
"சண்டை இல்லை, சாப்பிடுகிறார்" என்று
பெரியநாச்சி போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள்.

மார்கழி விடியலில்
சேர்வராயன் அடிவாரத்தைப் பனி மூடுகிறது,
வெள்ளை வெள்ளையாய்ப் புரண்டு.
மலை, அணியம்போல, மெல்ல உயர்கிறது.
என் முழங்கால் தானாக வளைகிறது.
திரிக்கு நீண்ட கையைப்
பெரியநாச்சி பிடித்து
வெந்நீர்ச் செம்பைத் திணிக்கிறாள்.
சுடுகிறது.