வெளிக்கிட வைக்கும் முறை

காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும்
கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறா பௌமியா நர்ஸ்.
குளிர்ப்பெட்டியில், மீன்குழம்புச் சட்டிக்குப் பின்னால்,
எட்டு ஊசிகள் இருந்தன. இப்போது மூன்று.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளித்
தோலைக் கிள்ளிப் பிடிக்கிறா.
"எலும்பு நோகும். நொந்தா நல்லம்.
உள்ளுக்க சனம் கூடுது எண்டு அர்த்தம்."

நொந்தது.
இடுப்பும் நெஞ்செலும்பும்
முகாமாக்கிய பள்ளிக்கூடம்போல்
ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம்.
தும்மினால் விலா முழுக்கக் கத்தியது.

சம்மதப் படிவத்தில்
'குருத்துக் கலங்களை அணிதிரட்டல்' என்றிருந்தது.
அணிதிரட்டல் என்றால்
இந்த ஊரில் கதவைச் சாத்திவிட்டு
பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பார்கள்.
கலம் என்றால் கப்பல்.
"வெளிக்கிட வைக்கிறது எண்டு வையுங்களன்,"
என்றா பௌமியா, பஞ்சை அழுத்தியபடி.

நித்திரை வராத இரவுக்குப் பிறகு
அந்த முறையின் காப்புரிமையைத் தேடியெடுத்தேன்.
கந்தோர் பிரிண்டரில், எல்லோரும் போன பின்,
நாற்பத்தொரு பக்கம்.
ஆங்கிலம்தான். ஆனாலும் தெரிந்த பாஷை.
காணிப் பிரிவில் பதினான்கு வருடமாய்
வேறென்ன வாசிக்கிறேன்?
வடக்கே இன்னார் வளவு. கிழக்கே கடல்.
உரிமைகோரல் ஒன்று:
மச்சைக்குள் ஒட்டிக்கிடக்கும் கலங்களைப்
பிடி தளரச் செய்து
ஓடும் இரத்தத்தில் இறக்கும் முறை.
உரிமைகோரல் இரண்டு:
அதையே வேறு அளவில் செய்தால், அதுவும் எங்களது.

எலும்பு என்னுடையதுதான். அதை ஒருவரும் கேட்கவில்லை.
எலும்பிலிருந்து வெளியே வரும் வாசல்
இன்னொருவர் பெயரில் இருக்கிறது.
எங்கள் கோப்புகளில் இதற்கு
வழியுரிமை என்று பெயர்.

இந்த ஊசிக்குக் கெடு முடிந்துவிட்டதாம்,
அதனால்தான் வாங்க முடிந்தது.
எண்ணிக்கை குறைந்தால் இன்னொன்று இருக்கிறது,
ஒரேயொரு குப்பி.
விலையை டொக்டர் வாயால் சொல்லவில்லை,
தாளில் எழுதித் திருப்பிக் காட்டினார்.

ஞாயிறு கோட்டை வாசலடியில் இருந்து வாசித்தேன்.
'பயன்படுத்தப்படும் உயிர்: ஒரு பாலூட்டி,
விரும்பத்தக்கது மனிதர்.'
அடுத்த பக்கத்தைப் புரட்டுமுன்
புள்ளிமான் ஒன்று வந்து பதினேழாம் பக்கத்தைக் கவ்வியது.
இழுத்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது,
தனக்கும் அதில் பங்கிருப்பதுபோல.

மகரகமவில் படுத்திருப்பவன் நிமலரூபன்.
என் தம்பி. பிரதிவாதி.
பாலையூற்று வளவின் எல்லைக்கல்லை
ஒரு மழைநாளில் இரண்டடி நகர்த்தியவன்.
ஆறு வருடமாய் நீதிமன்றத்தில் மட்டும் சந்திக்கிறோம்,
அதுவும் வக்கீல்மார் வாயால்.
சோதித்த முடிவு வந்தபோது
பத்துக்குப் பத்து என்றார்கள்.
எனக்குப் பார்த்த ஒரு மாப்பிள்ளைக்கும்
வாய்க்காத பத்துப் பொருத்தம்
இவனோடு வந்து நிற்கிறது!

கடைசி ஊசியை ஐந்து மணிக்கே போட்டுவிட்டா.
காசைக் கையில் வைத்தேன், பாதியைத் திருப்பித் தந்தா.
இரவு ரயில். சீனக்குடாவில்
எண்ணெய்த் தாங்கிகள் இருட்டுக்குள் குந்தியிருந்தன,
அவையும் யார்யாருடையதோ.
தண்டவாளம் பொருந்தும் ஒவ்வோர் இடத்திலும்
முதுகெலும்பு ஒருதரம் சொல்லியது.
வெளிக்கிட்டுவிட்டன போல.
எத்தனை என்று நாளைக்குத்தான் தெரியும்.

வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை.
அடுத்த தவணை பதினெட்டாம் திகதி.
ஆனால் இனி அவன் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால்
பெண் என்று காட்டும், நான் என்று காட்டும்.
எல்லைக்கல் இல்லாமல் அங்கே குடியிருப்பேன்.
தடையில்லாமல் பத்து வருடம் இருந்தால்
ஆட்சியுரிமை வரும் என்கிறது சட்டம்.
பத்து வருடம்
இருக்கட்டும் அவன்.

தம்பலகமத்தில் கச்சான் விற்பவன் ஏறினான்.
வறுத்த தூள் மூக்கில் பட்டது.
தும்மல் வருகிறது,
விலாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.