கரண்ட் போன நேரத்துக் கடல்

கரண்ட் போனால் முதலில் கேட்பது
எதுவுமில்லை.
எட்டுத் தறியும் ஒருசேர நின்றபின்
காது மட்டும் கொஞ்ச நேரம்
ஆடிக்கொண்டே இருக்கும்,
ஊஞ்சலிலிருந்து இறங்கின பிள்ளை மாதிரி.
அப்புறம் தீரன் கத்துவான்:
"அம்மா, புஸ்தகம்!"

பல்லடத்துக்குத் தெற்கே
சிமெண்ட் ஷீட் போட்ட தறிக்குடோன்.
பாதி எங்களது, பாதி பேங்க்குடையது.
கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால்
பிள்ளைகள் ஆளுக்கொரு திசை காட்டுவார்கள்.
அப்படிப்பட்டவர்களுக்குக்
கிளை நூலகத்தில் கிடைத்தது
நானூற்றுப் பத்துப் பக்கம் உப்புத்தண்ணீர்.

மிருதுளா தெளிவாக வாசிப்பாள்,
பரிசு வாங்கப் போகிறவள் போல.
நான் வாசித்தால் அவளுக்குக் கோபம்:
"முற்றுப்புள்ளியில நிக்கவே மாட்டீங்கறீங்கம்மா."
அவர் வாசித்தால்தான் கூத்து.
எட்டாவதோடு நின்றவர்.
வரியில் விரல் வைத்து நடப்பார்,
நீளமான சொல் வந்தால்
கரும்பு மாதிரி ஒடித்துக்கொள்வார்.
ஆனால் கப்பல் தலைவன் வாய் திறந்தால்
புளியம்பட்டிச் சந்தை மாட்டுத் தரகர்
நேரில் வந்துவிடுவார்:
"ஏனுங் புயலு, சித்தெ பொறுக்கக்கூடாதுங்களா?
பாயைச் சுருட்டிப்போட்டு வந்தர்றனுங்."

மிருதுளா எட்டிப் பார்ப்பாள்.
"அப்பா, அதுல 'நில்'லுன்னு மட்டுந்தான் இருக்குது!"
"புயலுக்கு மருவாதி குடுக்கோணுமல்லொ கண்ணு."
தீரன் சிரித்துச் சிரித்து
கோன் மூட்டையிலிருந்து உருண்டே விழுந்தான்.

வீட்டுச் சட்டம் ஒன்று:
யாரும் தனியாக முன்னால் போகக் கூடாது.
மீறினவள் நான்.
கொள்ளு வேகிற நேரத்தில் பதினோரு பக்கம்.
மறுநாள் முகத்தைச் சும்மா வைத்திருக்க
நான் பட்ட பாடு!
"அம்மா, உங்களுக்குத் தெரியும்," என்றாள் மிருதுளா.
தெரியாதென்றேன்.
புத்தகம் கொள்ளு வாசம் அடித்தது.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
ஷீட்டின்மேல் மழை.
கயிறு அறுந்து
சமையல்காரப் பையன் அலையில் போகிறான்.
தலைவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிக்கிறார்.
(செருப்பு இவர் சேர்த்தது.)
கரண்ட் வந்துவிட்டது.

மீட்டர் கணக்குக் கூலி.
வெள்ளிக்குள் பாவு தீரணும்.
அவர் எழுந்து
ஒவ்வொரு தறியாகப் போட்டார்.
எட்டாவது எழுந்ததும்
மழையும் இல்லை, கடலும் இல்லை.

மிருதுளா நிறுத்தவில்லை.
மூன்றாம் தறிக்கும் நாலாம் தறிக்கும் நடுவே
நின்றபடி வாசித்தாள்.
ஒரு எழுத்தும் கேட்கவில்லை.
கேட்கணுமென்று இல்லை எங்களுக்கு.
பதினாறு வருசமாய்
உதட்டைப் பார்த்தேதான்
சண்டை போடுகிறோம், சமாதானம் ஆகிறோம்.

அந்தக் கோடியிலிருந்து
அவர் கையால் கேட்டார்: பையன்?
கட்டைவிரலை உயர்த்தினாள்.
தரகர்?
பக்கத்தைத் திருப்பினாள்.
உதடு அசையவில்லை.

தீரன் என் நைட்டியைப் பிடித்து இழுத்தான்.
அவனுக்கு இன்னும் உதடு படிக்க வராது.
குனிந்து அவன் காதில் கத்தினேன்:
"நீந்திக்கிட்டு இருக்கறாரு சாமி!"

சனிக்கிழமை
மேஸ்திரி வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார்.
நாலாம் தறித் துணி.
தார் தீர்ந்ததை யாரும் பார்க்காமல்
ஒரு விரல் அகலத்துக்கு
ஊடையே இல்லை.
பாவு மட்டும் நெட்டுக்குத்தாக,
மழைக்கம்பி போல.
"ஏனுங்க, தூங்கிட்டீங்களா?"
நூற்றிருபது ரூபாய் பிடித்துக்கொண்டார்.
இவர் வாயே திறக்கவில்லை.

திரும்பும் வழியில்
காற்றாடிகளுக்குக் கீழே
பைக்கை நிறுத்தினார்.
"ஏம்புள்ள,
நெசமாலுமே அவரு போயிட்டாரா?"

அதற்குள் நான்
இன்னொரு நாளும் கொள்ளு வேகவைத்திருந்தேன்.
முன்னூற்றாறு வரைக்கும் தெரியும்.

"கரண்ட் போகட்டுமுங்க," என்றேன்.