முறைத் தண்ணீர்

ஆய்வுப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில்
கைப்பிடி வலு எழுத வேண்டும்.
கருவியை நீட்டி
முழு பலத்தோட அமுக்குங்க என்றேன்.
முள் பதினொன்றில் நின்று
கொஞ்சம் யோசித்துவிட்டுப்
பத்துக்கு இறங்கியது.

உத்திராபதி, எழுபத்தாறு.
திருவாரூர் மருத்துவக் கல்லூரி, ஆண்கள் வார்டு,
கதவிலிருந்து மூன்றாவது கட்டில்.
நெஞ்சுச்சளி. காய்ச்சல் விட்டு நாலு நாள்.
சேர்க்கைச் சீட்டில் 'நடந்து வந்தார்' என்றிருக்கிறது.
இன்று எழுந்து நிற்கக்
கட்டில் கம்பியும் என் தோளும் தேவைப்பட்டன.
நோய் போய்விட்டது.
ஆள் போய்க்கொண்டிருக்கிறார்.

எடை குறைஞ்சிருக்கா?
வேட்டியைக் கேளுங்க.
எத்தனை மாத்திரை?
மஞ்சள் பையைப் போர்வைமேல் கவிழ்த்தார்.
நீடாமங்கலத்தில் ஒரு டாக்டர், மன்னார்குடியில் ஒருவர்,
ஒரே பிரஷர் மாத்திரை இரண்டு பெயரில்.
தூக்கத்துக்கு ஒன்று,
எழுதிக் கொடுத்தது யாரென்று அவருக்கும் நினைவில்லை.
கீழ விழுந்தீங்களா?
விழல. உக்காந்துட்டேன்.
தனியாவா இருக்கீங்க?
சேச்சே, டிவி இருக்கு.

வேலை என்ற கட்டத்தில்
லஸ்கர், பொதுப்பணித் துறை, ஓய்வு.
கோரையாற்றில் முப்பத்தோரு வருஷம்
ஷட்டர் ஏற்றி இறக்கியவர்.
"தண்ணி கம்மியான வருஷம் முறை வைப்போம் டாக்டரம்மா.
ஆறு நாள் அந்த ஆத்துக்கு, ஆறு நாள் இதுக்கு.
ராத்திரி எவனும் வந்து தூக்கிடாம பாத்துக்கணும்.
உத்தியோகமே அதான்."

நேற்றிரவுக் குறிப்பேட்டில் நர்ஸ் எழுதியிருந்தது:
குழப்பமாகப் பேசுகிறார்,
யாரோ ஷட்டரைத் தூக்குவதாகக் கத்துகிறார்,
ஊசி போடப்பட்டது, கை கட்டப்பட்டது.
நான் வலு அளந்த மணிக்கட்டில்
காஸ் துணியின் தடம் சிவந்திருந்தது.

படிவத்தை மூடி எழுந்தபோது
காலில் தட்டியது தண்ணீர் பாட்டில்.
அதன்மேல் பேனாவால் மூன்று கோடு,
மதகுச் சுவரில் எழுதியிருப்பார்களே அதுபோல.
காலை. மதியம். நாலு மணி.
அதற்குக் கீழே கோடு இல்லை,
தண்ணீர் மட்டும் அப்படியே.
யூரியா ஏன் ஏறுகிறதென்று
காலையில் ரவுண்ட்ஸில் எங்கள் பேராசிரியர்
மூன்று பேரைக் கேட்டார்.

கழிவறை வார்டின் அந்தக் கோடியில்.
நடந்து பார்த்தேன், நாற்பத்தெட்டு தப்படி.
நடுவே ஒரு படி, எப்போதும் ஈரமான தரை.
மகன் திருப்பூரிலிருந்து ஞாயிறு வந்தார்,
ஞாயிறே பஸ் ஏறினார்.
முதல் ராத்திரி ஆயாவைக் கூப்பிட்டிருக்கிறார்.
இரண்டாம் முறையும் அவர் வந்திருக்கிறார்.
காசு கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை.
"இப்பத்தானே பெரியவரே போனீங்க"
அவ்வளவுதான் சொன்னாராம்.

மறுநாளிலிருந்து
தனக்குத் தானே முறை வைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே
வாய்க்காலில் புதுத்தண்ணி வந்துடுச்சு என்று
யாரோ யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வயது, எடை, மாத்திரை, படுத்திருந்த நாட்கள்,
எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
இதற்கு இல்லை.
'பிற' என்ற இரண்டு அங்குல வரியில்
நாற்பத்தெட்டு தப்படி என்று எழுதினேன்.
வழிகாட்டி அடித்துவிடுவார், தெரியும்.
கழிப்பு நாற்காலி ஒன்று ஸ்டோரில் இருக்கிறது,
சாவி வைத்திருப்பவர் திங்கள்தான் வருவார்.

டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நாலு இருபது.
"முறை முடிஞ்சிடுச்சே."
ஒம்பது வரைக்கும் எனக்கு டூட்டி, குடிங்க.
பாதி குடித்தார்.
வார்டின் நீளத்தை ஒருமுறை பார்த்தார்,
கடைமடைக்குப் போய்ச் சேர
எத்தனை நேரமாகும் என்று கணக்கிடுகிறவராக.
மீதியையும் குடித்தார்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம்.
பதினேழில் மூச்சு வாங்க நின்றோம்.
"இன்னும் அறுவத்தி மூணு" என்றார்.

நாற்பத்தெட்டு என்றல்லவா எழுதியிருந்தேன்.