மடியில் ஒரு வீடு

படகுக்கு டிக்கெட் கிடையாது.
எட்டுப் பேர், எட்டு வீடு.
மடியில் ஒன்றை ஏந்திக்கொள்பவரைத்தான்
காஸ்பர் செப்டெம்பர் ஏற்றிக்கொள்வார்.

வீடென்றால் சுட்ட மண்ணில்
கவிழ்த்த சட்டி, ஒரு பக்கம் வாசல்,
முதுகில் காற்றுக்கு மூன்று துளை.
எடை, நான்கு மாதக் குழந்தை அளவு.
நாற்பது நிமிடம் அட்லாண்டிக் அதைக் குலுக்க
நான் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தேன்,
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

"செப்டெம்பரில் பிறந்தவரா?"
பின்னிருக்கையில் ஒருவர் கேட்டார்.
"இல்லை. என் முப்பாட்டனை
இந்தக் கரையில் விற்றது செப்டெம்பரில்,"
சுக்கானிலிருந்து கையெடுக்காமல் சொன்னார்.
பிறகு மூடுபனி. பிறகு நாற்றம்.
தீவு அதற்கும் அப்புறம்தான் வந்தது.

பெயர் கொம்பைஸ். அடுக்களை என்று பொருள்.
டச்சு மாலுமிகள் முட்டை அவித்த இடம்;
விறகு தீர்ந்த நாளில்
கொழுத்த பறவையையே அடுப்பில் செருகினார்களாம்.
இதைச் சொல்லும்போது யோலிஸ்வா
எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
அவள் காக்கிச் சட்டையில் ஒரு பித்தான் இல்லை.

அடுத்து வந்தவர்கள் தரையைத் தின்றார்கள்.
ஆயிரமாயிரம் வருடத்து எச்சம்
ஆளுயரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தது;
பென்குவின்கள் அதைக் குடைந்துதான் குடியிருந்தன.
மண்வெட்டி, சாக்கு, சாக்கு, கப்பல்.
ஏதோ குளிர்தேசத்து டர்னிப் வயல்
அந்த வருடம் நன்றாக விளைந்திருக்கும்.
பாறை தட்டும்வரை சுரண்டிவிட்டுப் போனார்கள்.
இப்போது வெட்டவெளியில் முட்டையிட்டு,
மேலே வெயில், பக்கத்தில் கடற்காகம்,
வாய் திறந்து மூச்சிரைக்கிறது ஒரு தாய்.
அல்லது தந்தை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பார்ல் நகர மருந்துக்கடையில்
மாத்திரை எண்ணுவது என் பிழைப்பு.
ஐந்தைந்தாகத் தள்ளினால் தப்பாது.
வடக்குக் கரையில் நாற்பத்தொன்று என்றேன்.
முப்பத்தெட்டு என்று எழுதினாள் யோலிஸ்வா.
"மூன்று பேர் நடந்து வந்து
உங்களுக்காக மறுபடி நின்றார்கள்."
அவள் கையிலிருந்த பழைய பதிவேட்டின் நகலில்
இதே கரைக்கு எண்ணே இல்லை.
'மணல் தெரியவில்லை' என்று மட்டும்
யாரோ சாய்வெழுத்தில் எழுதியிருந்தார்கள்.

தெற்கே, துருப்பிடித்த கொதிகலனுக்குப் பின்னால்,
சுரண்ட வந்து போகாமலே தங்கிவிட்டவர்கள். ஏழு பேர்.
கல் உண்டு, பெயர் இல்லை.
பலகையில் இருந்ததை உப்பு படித்து முடித்துவிட்டது.
கத்திக்குத்தோ, புழுதி அடைத்த நெஞ்சோ,
குடிக்கத் தண்ணீர் வராத வாரமோ.
கூட இருந்தவர்கள்
இந்தத் துண்டை மட்டும் மண்வெட்டியால் தொடவில்லை.
தீவு முழுக்கத் தேடினாலும்
கால் புதைகிற மண் இது ஒன்றுதான்.

மூன்றாவது கல்லின் கீழே ஒரு வளை.
உள்ளே இரண்டு கண்.
பிறகு கழுதை கனைப்பதுபோல் ஒரு குரல்,
மண்ணுக்கடியிலிருந்து, நெடுநேரம்.
காஸ்பர் தொப்பியைக் கழற்றினார்.
யாருக்காக என்று கேட்கத் தோன்றவில்லை.

என் சட்டியோடு குனிந்தேன்.
"இங்கே வேண்டாம்," என்றாள் யோலிஸ்வா,
"இவர்களுக்கு வீடு இருக்கிறது."
இருபதடி தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டி வைத்து
ஆடாமல் கல் அண்டைகொடுத்தேன். எண் 212.
போன வருடம் வைத்ததில் பாதி காலி என்றாள்.
மத்தி மீன் வந்தால் இவை வரும்.
மத்தி எப்போது வரும் என்று ஒருவர் கேட்க,
கடலைக் காட்டினாள்.
அங்கே மூன்று பெரிய வலைக்கப்பல்கள்.

திரும்பும்போது மடியில் எடையில்லை.
கைகளை எங்கே வைப்பதென்று
எட்டுப் பேருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்தேன்.
முப்பது வெள்ளை மாத்திரை கேட்டு ஒருவர் வந்தார்.
எண்ணினேன். சந்தேகம். திரும்ப எண்ணினேன்.
ஒன்று மட்டும் தட்டின் ஓரம்வரை உருண்டு போய்
சாய்ந்து நின்றது.