எண்பத்தேழு

எல் ஆல்ட்டோவிலிருந்து லா பாஸுக்கு
ரோப் காரில் இறங்கப் பத்தே நிமிடம்.
கீழே பள்ளத்தாக்கு முழுக்கச் செங்கல் வீடுகள்,
பூசாத சுவர்கள், மாடிக் கொடிகளில் துணிகள்.
ஏதோ ஒரு நாய் நம்மை நோக்கிக் குரைப்பது
கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாது.

நான் நோட்டரி எழுத்தர். பெயர் எர்மீனியோ.
காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை
‘அசலுக்கு நேர்’ என்று முத்திரை குத்துகிறவன்.
இருபத்தாறு வருடம்.
முத்திரை பிடித்தவன் வாயில்
தெரியாது என்ற சொல் வரக்கூடாது.
வந்தால் வரிசை கலைந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எதிர் இருக்கையில்
வலைப்பை நிறைய உருளைக்கிழங்கோடு ஒரு பெண்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை என்று
வெளுத்துச் சுருங்கிய விரல்கள் சொல்லின.
யூஸ்தாகியா என்று அவள் சொன்னாள்.
முன்பின் அறியாதவனிடம், எடுத்த எடுப்பில்:
“ஐயா, ஒன்று கேட்கட்டுமா?
தாழ்நாட்டில், காரனாவியில், என் தங்கை வீட்டில்
இதே கிழங்கு இருபது நிமிடத்தில் வெந்துவிடுகிறது.
இங்கே நாற்பதாகியும் நடுவில் கல்.
ஏன்?”

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
“மலைக்கிழங்குக்குத் தோல் கெட்டி.
பனி தாங்கி வளர்ந்ததல்லவா?”
குத்தியாயிற்று.

அவள் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து
(அட்டையில் பல்லிளிக்கும் கார்ட்டூன் நாய்)
அதை எழுதிக்கொண்டாள்,
நாக்கின் நுனியைப் பற்களால் கடித்தபடி.
நான் தடுத்திருக்கலாம்.

அன்றிரவு சூப்பை ஆற்றும்போது
கரண்டி பாதியில் நின்றது.
இதே கிழங்கு என்றல்லவா சொன்னாள்?
இங்கிருந்து அவளே தூக்கிக்கொண்டு போனது.
பஸ் ஏறியதும் தோல் மெலிந்துவிடுமா?

நீங்கள் சிரிக்கலாம், ஒரு கிழங்குதானே.
என் முத்திரையில் எத்தனையோ வீடுகள் கைமாறியிருக்கின்றன,
எத்தனையோ சாவுகள் சாவு என்று ஆகியிருக்கின்றன.
எதற்கும் என் தூக்கம் கெட்டதில்லை.

மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன்.
மேலே காற்றுக்குக் கனம் குறைவு,
தண்ணீரை அழுத்திப்பிடிக்க ஆளில்லை,
அதனால் சூடேறுவதற்குள் கொதித்துவிடுகிறது என்றார்.
கொதிப்பது வேறு, சூடாவது வேறாம்.
ஐம்பத்தோரு வயதில் எனக்கு இது செய்தி.

மூன்று வாரம், தினமும் ஏழு ஐம்பதுக்கு
கூண்டு கூண்டாக எட்டிப் பார்த்தேன்.
காவலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

நான்காவது வாரம், வியாழன், மூட்டமான காலை.
அதே வலைப்பை, அதே நோட்டு.
“அம்மா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு...”

“தெரியும்” என்றாள். “அன்று சாயங்காலமே
தோலை உரித்துப் போட்டு வேகவைத்தேன்.
அதே நாற்பது.”
நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.
என் பதிலை அவள் அடித்திருக்கவில்லை.
பக்கத்தில் சின்ன எழுத்தில்:
பார்த்தாயிற்று. இல்லை.

பிறகு சந்தையில் பேரம் பேசி
ஒரு பழைய தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறாள்.
“எண்பத்தேழு! எவ்வளவு தீ வைத்தாலும்
எண்பத்தேழைத் தாண்ட மாட்டேன் என்கிறது.”
மகளின் மதிப்பெண்ணைச் சொல்வதுபோல் சொன்னாள்.

“சரி, இப்போது இதைச் சொல்லுங்கள்.
இன்னும் மேலே, இயிமானிச் சிகரத்துக்கும் மேலே
போய்க்கொண்டே இருந்தால்,
கை வைத்தால் சுடாத தண்ணீர் கொதிக்குமா?
குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில்?”

கூண்டு மேகத்துக்குள் நுழைந்தது.
நாய் இல்லை, கொடித் துணி இல்லை,
ஊரே இல்லை. கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை.

“தெரியவில்லை” என்றேன்.

அவள் புறங்கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
“எனக்கும் ஒன்றும் தெரியவில்லை” என்றாள்.
மேகத்தைச் சொன்னாளா தண்ணீரைச் சொன்னாளா,
நான் கேட்கவில்லை.
ஒரு ரசீதின் பின்பக்கம் பானை வரைந்துகொண்டிருந்தேன்.
மேலே காற்று, அம்புக்குறிகள்.
“அம்பு தலைகீழ்” என்று அவள் பேனாவைப் பிடுங்கினாள்.

என் அலுவலகம் கல்லறை நிலையத்துக்கு எதிரில்.
கதவு திறந்தது.
மூடியது.
நான் இறங்க மறந்திருந்தேன்.