முப்பத்தொன்றுக்கு மூன்று

செப்டம்பரில் கோல்பி ரென்ஷா எறிந்ததெல்லாம் டச்டவுன்.
எதிரே, காசு வாங்கிக்கொண்டு
உதைபட வந்த சின்னக் கல்லூரிகள்.
பந்தைக் கையில் வைத்துச்
சோம்பல் முறிக்கக்கூட அவனுக்கு நேரமிருந்தது.
அயோவா மோட்டல் அறையில்
அந்த நான்கு ஆட்டங்களையும் வேகமாய் ஓட்டிவிட்டேன்.
பஞ்சு மூட்டையைக் குத்தியவன் கைவலுவை யார் அளப்பது?

நவம்பர். மழை.
இரண்டரை நொடிதான்; விலாவில் ஒரு தலைக்கவசம்.
ஏழு முறை விழுந்தான்,
ஏழு முறையும் புல்லைத் துப்பினான்.
எட்டாவதில்
விழுந்துகொண்டே விட்ட பந்து
நேரே போய் டெவரோவின் கையில் பட்டு
நழுவியது.

கணக்கில் அது தவறிய வீச்சு.

பின்னால் ஓட்டினேன். மறுபடி. மறுபடி.
ஆறிய பீட்சாவின் அட்டைப்பெட்டியில்
ஒரே வரி எழுதினேன்:
விழும்போதும் கண் தரைக்கு வரவில்லை.