தடைக்காலக் கணக்கு

டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நான்கு பெயர் எழுதினேன்:
கஸ்பார், நான், ரெமிலா, ஜெபின்.
எதிரே விமானக் கட்டணம்.
கூட்டினால் ஒரு பழைய இன்ஜின் வாங்கிவிடலாம்.
கீழே சின்ன எழுத்தில்
கலைமான் பண்ணை, நுழைவு நான்கு பேருக்கு,
தீவனம் ஒரு வாளி சும்மா.

நாத்தனார் எமரன்சியா நார்வேயின் தலைமாட்டில்
முதியவர்களுக்கு ஊசி போடுகிறாள்.
'பிள்ளைக கையால தீனி குடுக்கலாம் மதினி.
புல்லு இல்ல, பாசி.'
பாசியா என்றார் கஸ்பார்.
பாம்பனில் பாசி என்றால்
பெண்கள் கடலுக்குள் முங்கிப் பறிப்பது.
மான் முங்குமா?
பனிக்குள் மூக்கை விட்டுக் கிளறுமாம்.
கிட்டத்தட்ட அதேதான் என்றேன்.
என் முழங்கையில் பாறை கிழித்த தழும்பு
இன்னும் இருக்கிறது.

ஜெபினுக்கு மான் புதிதல்ல.
போன கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவன்தான் மான்.
உடைமரக் கிளையில் முள் சீவித் தலையில் கட்டிவிட்டேன்.
மேடையில் வேர்த்துக் கொம்பு சரிந்து
மூன்று ராஜாக்களில்
அவன் அப்பா பெயர்க்காரரின் கண்ணைக் குத்தப் பார்த்தது.

எப்போது போவது என்பதில் சண்டையே இல்லை.
டிசம்பர் என்று சொல்ல
மாதச் சம்பளக்காரனால்தான் முடியும்.
எங்கள் விடுமுறையை அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது.
சித்திரை இரண்டு தொடங்கி அறுபத்தொரு நாள்,
மீன் சினைப்படும் காலம்,
விசைப்படகு இறங்கக் கூடாது.
பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிய
சித்திரை பாதி போய்விடும்.
அதற்குப் பிறகும் பனி இருக்குமா?
'முழங்கால் வரைக்கும்' என்றாள் எமரன்சியா.
அவ்வளவுதான்.

ராம்நாடு பஜாரில் ஸ்வெட்டர் கேட்டோம்.
கடைக்காரர் எங்களைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்,
கொடைக்கானலா என்றார்.
அதைத் தாண்டி, என்றார் கஸ்பார்.
வங்கிக் கணக்கு, படகில் கால் பங்குப் பத்திரம்,
ஞானஸ்நானச் சான்று, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில்.
உப்புக் காற்று புகாமல் ரப்பர் பேண்டு இரண்டு.
சறுக்கு வண்டியில் யார் எங்கே என்று
ரெமிலா ராத்திரிக்கு ராத்திரி மாற்றினாள்.
கடைசியில் அப்பா முன்னால்.
கடலில் வராத வாந்தி அவருக்கு வண்டியில் வரும்.

தேதி குறிக்க உட்கார்ந்த அன்று எமரன்சியா கூப்பிட்டாள்.
குரல் இறங்கியிருந்தது.
சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி முழுக்கப்
பண்ணைக்குள் ஆள் விடுவதில்லையாம்.
மான் ஈனும் காலம்.
அந்நிய வாடை பட்டால் தாய் மிரண்டுவிடும்.
கொம்பு பெட்டைக்கும் உண்டாம்.
சினையாய் இருப்பவள்
குட்டி போடும்வரை உதிர்க்க மாட்டாளாம்.

கஸ்பார் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.
கேட்டதும் குழாயை மூடினார்.
கொஞ்ச நேரம் அது சொட்டியது.
'இங்க மீனு, அங்க மானு' என்றார்.
'பேறு காலத்துல போயி நிக்கப்படாது, சரிதான்.'
சிரித்தாரா என்று தெரியவில்லை.
பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு,
'எப்பத்தான் வெளிய வருமாம்?'

எமரன்சியா விசாரித்துச் சொன்னாள்.
ஆனி பிறந்தால் கொசுவுக்குத் தப்பி
குட்டிகளோடு மந்தை மந்தையாய்க்
கடலோரத்துக்கு இறங்குமாம்,
காற்றைப் பார்த்து நிற்குமாம்.

ஆனி ஒன்று.
அன்றைக்குத்தான் தடை முடிந்து
இங்கே அத்தனை படகும்
ஒரே இரைச்சலாய்க் கரையை விடும்.

நோட்டில் யார் பெயரையும் அடிக்கவில்லை.
கஸ்பார் பெயரைச் சுற்றி மட்டும்
ஒரு வட்டம் போட்டேன், ஏனென்று தெரியாமல்.
வாசலில் ஜெபின்
ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு
பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் பாசி நீட்டுகிறான்.
அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.
வேர்த்து ஒழுகுகிறது அவனுக்கு.
கழற்றுடா என்றால்
பழக்கிக்கிறேன் என்கிறான்.